பொறியும் பொறுப்பும்

ஒரு கலையைக் கற்றவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? இவ்வினா பழமையானது. புலவனைக் குறித்தும் மருத்துவனைக் குறித்தும் காலந்தோறும் எழுப்பப்பட்டு வந்திருக்கிறது. புலவனின் வாக்கு அரசனுக்கா, மக்களுக்கா என்று நமது விமர்சகர்கள் ஓயாது வாதிட்டிருக்கின்றனர். ஆயின் இயந்திரத்தைக் கற்றவனைக் குறித்து இவ்வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. இயந்திரத்துக்கு மனச்சாட்சி இல்லை. ஆகவே இயந்திரம் பயில்பவனுக்கும் அறவியலுக்கும் தொடர்பில்லை என்பது பலருடைய எண்ணம் போலும். சுழலும் தண்டுக்கு நன்மை தீமை தெரியாதுதான். அதனைச் சுழற்றுபவனுக்கும் தெரியவேண்டியதில்லை என்று யார் சொன்னது?

அம்பாறைக் கரையோரத்தில், கல்முனை தொடக்கம் ஆலையடிவேம்பு, திருக்கோவில் வரை, உயர்தர வகுப்பில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் பயிலும் மாணவர் மத்தியில் கப்பற் பொறியியல் என்ற சொல்லுக்குத் தனியொரு கவர்ச்சி உண்டு. டொலரிற் சம்பளம், தந்தையின் கடன் தீர்தல், தங்கைக்குச் சீதன வீடு ஆகிய யாவும் அச்சொல்லுள் அடங்கிக் கிடக்கின்றன. இக்கனவை இகழ்வதற்கு நாம் முற்படவில்லை. வறுமையிலிருந்து மீளும் வழியை நாடுவது குற்றமாகாது. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு ஆசையின்மையைப் போதிப்பது அறமுமாகாது. நாம் கேட்க விரும்புவது ஒன்றே: அந்தக் கல்வியைப் பெற்றபின் அவன் யாருக்குப் பதில் சொல்லவேண்டியவன்?

முதலில் அக்கல்வி யாதென நோக்குவோம். கப்பற் பொறியியல் என்பது இயந்திரப் பொறியியலின் கடலோடும் கிளை. வெப்ப இயக்கவியல், பாய்மங்களின் இயக்கம், உலோகங்களின் வலிமை, பொறிகளின் அதிர்வு ஆகிய அடிப்படைகள் இரண்டுக்கும் பொது. நிலத்தில் உள்ள பொறியியலாளன் பழுதுற்ற இயந்திரத்தை நிறுத்திவிட்டு உதிரிப்பாகத்துக்கு ஆளனுப்பலாம். நடுக்கடலில் நிற்பவனுக்கு அவ்வசதி இல்லை. உந்துவிசை, மின்சாரம், குடிநீர், குளிரூட்டல், தீயணைப்பு, கழிவகற்றல் என ஒரு சிறு பட்டினத்துக்கு வேண்டிய யாவும் அவன் கையில் இருக்கின்றன. பெருங்கப்பலின் டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சுற்று என்ற அளவிலேயே நிதானமாகச் சுழன்று, எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ அரைவாசியைப் பயனுள்ள வேலையாக மாற்றித் தருகிறது. மனித மூளை அடைந்த அரும்பேறுகளுள் அஃதொன்று. அதனைப் பயிலும் இளைஞன் பெருமிதம் கொள்வதில் வியப்பில்லை.

இலங்கையில் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் 1950ஆம் ஆண்டில் கொழும்பில் ஆரம்பமாகிப் பின்னர் பேராதனைக்குப் பெயர்ந்தது. கட்டுபெத்தையில் 1960களில் வளர்ந்த தொழில்நுட்பக் கல்லூரி 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. நமது அயலில், ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இயந்திரப் பொறியியல் பயிற்றப்படுகிறது. கப்பற் பொறியியலுக்கென்றே கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு உண்டு. 1990இல் தொடங்கிய சினெக் போன்ற, கட்டணம் அறவிடும் நிறுவனங்களும் கப்பற் பொறியியலாளரைப் பயிற்றுகின்றன.

இக்கல்வியின் செலவைச் சுமப்பவர் யார்? 1945ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வித் திட்டம், பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கட்டணத்தை நீக்கியது. கட்டணம் நீங்கியதேயன்றிச் செலவு நீங்கவில்லை. சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் வரி செலுத்தும் ஒவ்வொருவரும் அச்செலவில் பங்கேற்கின்றனர். மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணும், சம்மாந்துறை வயலிலே கூலிக்குக் கதிர் அறுப்பவனும், வளைகுடா நாட்டு வீடுகளில் வேலை செய்து பணம் அனுப்பும் தாயும் அதனைச் சுமக்கின்றனர். பல்கலைக்கழகத்தின் வாயிலை ஒருநாளும் மிதியாதவர்களே அதன் விரிவுரை மண்டபங்களைத் தாங்கி நிற்கின்றனர். கட்டணம் செலுத்திக் கற்பவனும் இதற்கு விலக்கல்லன். அவனுக்கு எண்ணும் எழுத்தும் அறிவித்த பள்ளி மக்களுடைய பள்ளியே.

எனவே கற்றவனுக்குக் கடன் ஒன்று உண்டென்பது தெளிவு. அக்கடன் எத்தகையது என்பதில்தான் கருத்து வேறுபாடு தோன்றுகிறது. சமுதாயத்தில் வழங்கும் விடைகள் இரண்டு.

முதலாவது விடை கடனையே மறுப்பது. “நான் கண்விழித்துப் படித்தேன், தகுதியால் இடம் பெற்றேன், என் கல்வி என் சொத்து” என்று அது பேசும். கண்விழித்தது உண்மை. ஆனால் அண்ணன் படிக்கட்டும் என்று தன் படிப்பை நிறுத்திக்கொண்ட தங்கை எத்தனை வீடுகளில் இருக்கிறாள்! கடனுக்கு அப்பியாசக் கொப்பி கொடுத்த கடைக்காரர் எத்தனை பேர்! கற்ற பொருளையேனும் தன்னுடையது என்று அவனால் கூறமுடியுமா? வெப்பத்திலிருந்து வேலையைப் பெறுவதற்கு இயற்கை விதித்த எல்லையை 1824இல் ஆராய்ந்து வெளியிட்டவர் பிரான்சு தேசத்து இளைஞரான சாடி கார்னோ. அவருக்கு முன்னும் பின்னும் உலைக்களத்தில் நின்று உருளையைக் கடைந்த பெயரறியாத் தொழிலாளர் ஆயிரமாயிரம். மனித குலம் முழுவதும் சேர்த்துவைத்த முதுசொம்மில் ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு, இஃது என் தனிச்சொத்து என்று வேலி அடைப்பது நேர்மையாகாது.

இரண்டாவது விடை தேசபக்தியின் குரலில் வருவது. “நாட்டின் செலவிற் படித்தவன் நாட்டிலேயே இருக்கவேண்டும்; வெளியேறுபவன் நன்றி கெட்டவன்” என்பது அதன் வாதம். கேட்பதற்கு இனியதாயினும் இதுவும் ஆராய்ச்சிக்கு நில்லாது. இலங்கைக் கப்பற் கூட்டுத்தாபனம் 1971இல் நிறுவப்பட்டது. அரை நூற்றாண்டு சென்றும் அதன் கப்பல்களை விரல்விட்டு எண்ணலாம். 2016இல் இரு சரக்குக் கப்பல்கள் அதற்கு வந்து சேர்ந்தமையே பெரிய செய்தியாயிற்று. கப்பல் இல்லாத கரையில் கப்பற் பொறியியலாளனைக் கட்டிவைப்பது எவருக்கு நன்மை? தொழிற்சாலையை எழுப்பாத அரசுக்கும், பட்டறையைத் திறவாத செல்வருக்கும் பணம் உழைக்கச் செல்லும் ஏழை மாணவனைப் பழிக்கும் உரிமை இல்லை. அன்றியும், கொழும்பிலே குளிரூட்டிய அறையில் அமர்ந்து ஒப்பந்தகாரரின் இலாபத்துக்கு மட்டும் கையொப்பம் இடுபவன், நாட்டில் இருக்கிறான் என்ற ஒரே காரணத்தால் மக்கள் தொண்டன் ஆகிவிடுவானா?

இவ்விரு விடைகளும் ஒரே தவற்றில் வேரூன்றியவை. இரண்டும் கல்வியை ஒரு பண்டமாகக் கருதுகின்றன. ஒன்று அதனைத் தனியாளின் பண்டம் என்கிறது. மற்றது அரசின் பண்டம் என்கிறது. இயந்திர அறிவோ பெட்டியில் பூட்டிவைக்கும் பண்டமன்று. அதனைக் கையாளும் கணத்திலே முன்பின் அறியாத எத்தனையோ பேருடைய உயிர் அந்தக் கையில் வந்து தங்குகிறது. கற்றவனின் கடமை அங்கேதான் பிறக்கிறது. அவன் எந்த நாட்டில் நிற்கிறான் என்பதைவிட, அவன் கையாளும் பொறி யாருடைய வாழ்வைத் தொடுகிறது என்பதே பெரிய வினா.

இதனை விளக்கத் தொலைவு செல்லவேண்டியதில்லை. 2020 செப்டெம்பர் 3ஆம் நாள், சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில், ‘நியூ டயமன்ட்’ என்னும் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு அது ஏற்றிச் சென்ற மசகு எண்ணெய் சுமார் 270,000 தொன். இயந்திர அறையில் கொதிகலன் வெடித்ததே தீயின் தொடக்கம் என்று அறிவிக்கப்பட்டது. கப்பலில் இருந்த 23 பேரில் 22 பேர் மீட்கப்பட்டனர். பிலிப்பைன்ஸ் தேசத்துத் தொழிலாளி ஒருவர் அத்தீயில் மாண்டார். காயமுற்ற பொறியியலாளர் ஒருவர் கரை சேர்க்கப்பட்டுக் கல்முனையிலே சிகிச்சை பெற்றார். இலங்கைக் கடற்படையினரும் விமானப்படையினரும் இந்தியக் கரையோரக் காவற்படையினரும் ஏறத்தாழ ஒரு வாரம் போராடித் தீயை அடக்கினர். எண்ணெய்த் தாங்கிகள் உடையவில்லை.

உடைந்திருந்தால்? அந்த நாட்களில் திருக்கோவில் தமிழ் மீனவரும் அக்கரைப்பற்று முஸ்லிம் மீனவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டனர். எண்ணெய்ப் படலம் மதம் பார்த்துக் கரை ஒதுங்காது. கொடி பனாமாவினுடையது, மாலுமிகள் பிலிப்பைன்ஸ் தேசத்தவரும் கிரேக்கரும், எண்ணெய் இந்தியாவுக்குரியது, ஆபத்தோ நமது கரைக்கு வந்தது. கப்பலின் அடித்தட்டில், கொதிகலனின் முன்னே காவல் நின்ற மனிதன் நமது ஊரின் பெயரையே கேள்விப்பட்டிருக்கமாட்டான். எனினும் நமது கரைவலைக்காரரின் உணவு அவன் கையிலிருந்த அடைப்பிதழோடு பிணைக்கப்பட்டிருந்தது. நாளை நமது மாணவன் வேறொரு கப்பலில் அவ்வாறே நிற்பான். அவனால் காக்கப்படுவதோ கெடுக்கப்படுவதோ ஆபிரிக்காவின் கரையிலுள்ள ஒரு மீனவக் குடியாக இருக்கும். தன் ஊர்க் கரைக்கு எதை வேண்டுகிறானோ அதனை அந்தக் கரைக்கும் வழங்க அவன் கடமைப்பட்டவன். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது அதன் பொறியியலாளருள் ஒருவரேனும் உயிர் தப்பவில்லை. விளக்குகள் அணையாதிருக்கவேண்டும் என்பதற்காக அவர்கள் கீழே நின்றனர். மேல்தட்டில் இருந்தோர் அவர்களுடைய பெயரைக்கூட அறியார்.

பேராபத்து எந்நாளும் வருவதன்று. அன்றாடம் வருவது சிறு பொய். இயந்திர அறையின் அடியில் எண்ணெய் கலந்த கழிவுநீர் தேங்கும். 10 இலட்சம் பங்கில் எண்ணெய் 15 பங்குக்கு மேற்படாதவாறு அந்நீரைப் பிரித்துத் தூய்மையாக்கிய பின்னரே கடலில் விடலாம் என்பது சர்வதேச விதி. ஒவ்வொரு முறையும் அதனைப் பதிவேட்டில் எழுதிப் பொறியியலாளன் கையொப்பமிட வேண்டும். பிரிப்பதற்குச் செலவும் நேரமும் ஆகும். ஆகவே சில கப்பல்களில், பிரிக்கும் பொறியைத் தவிர்த்துக் கழிவை நேரே கடலுக்குச் செலுத்தும் கள்ளக் குழாய் ஒன்றை இணைப்பர். கப்பற்காரர் அதற்கு ‘மந்திரக் குழாய்’ என்று பெயரிட்டிருக்கின்றனர். குழாயை இணைப்பது பொறியியலாளனின் கை. பொய்யை எழுதுவதும் அதே கை.

2013ஆம் ஆண்டில் ‘கரீபியன் பிரின்சஸ்’ என்ற உல்லாசப் பயணக் கப்பலில் புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர் அத்தகைய குழாயைக் கண்டார். மேலதிகாரிகளோ மறைக்க முற்பட்டு, பொய் கூறுமாறு கீழுள்ளோரை ஏவினர். அவர் கப்பலை விட்டு இறங்கிப் பிரித்தானிய அதிகாரிகளிடம் உண்மையைக் கூறினார். 2016இல் அக்கப்பற் கம்பனி அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. வெப்ப இயக்கவியலில் அவருடைய மேலதிகாரிகள் அவரிலும் வல்லவர்களாக இருந்திருக்கலாம். குழாய் எவ்வாறு இயங்குகிறது என்பது இரு சாராருக்கும் தெரியும். அது கடலுக்கு என்ன செய்கிறது என்பதைப் பொருட்படுத்தியவர் ஒருவரே.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். “வேலைத் தரகனுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டிவிட்டுக் கப்பலேறியவன், வீட்டில் ஆறு வயிறு காத்திருக்க, மேலதிகாரியை எதிர்த்து நிற்பது எவ்வாறு?” ஆம், கடினமே. கப்பலின் சொந்தக்காரன் ஒரு நாட்டில், கொடி வேறொரு நாட்டில், தொழிலாளி மூன்றாவது நாட்டில் என்ற இன்றைய ஏற்பாடு தற்செயலானதன்று. பொறுப்பை எவரும் பிடிக்கமுடியாதபடி நழுவவிடுவதற்கு மூலதனம் கண்ட உபாயம் அது. அவ்வேற்பாட்டின் நடுவே தனியொருவனிடம் வீரத்தை மட்டும் எதிர்பார்ப்பது கொடுமை. ஆகவேதான் தனியாளின் ஒழுக்கம் கூட்டு வலிமையாக மாறவேண்டியிருக்கிறது. 2006இல் இயற்றப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயம், கப்பலில் இருந்தபடியே முறையிடும் உரிமையையும், முறையிட்டவனைப் பழிவாங்கலாகாது என்ற விதியையும் எழுத்தில் வைத்திருக்கிறது. அந்த எழுத்து மாலுமிகளின் தொழிற்சங்கங்கள் பல்லாண்டு போராடிப் பெற்றது. சங்கத்தில் இணைவதும் பொறியியலாளனின் அறத்தில் ஒரு பகுதியே. உண்மை பேசுவோன் தனித்து நிற்காதவாறு செய்வது சங்கத்தின் வேலை.

ஒரு படி மேலே செல்வோம். பொறியை நேர்மையாக இயக்குவது மட்டும் போதுமா? அது யாருடைய நன்மைக்காக இயங்குகிறது என்பதையும் கேட்கவேண்டாமா? தன் பெயரையே இயந்திரத்துக்கு வழங்கிய ருடோல்ஃப் டீசல், பெரும் ஆலைகளின் போட்டியில் நசியும் சிறு கைவினைஞருக்குத் தம் பொறி கைகொடுக்கும் என்று நம்பியவர். தொழிலாளரின் ஒருமைப்பாட்டைக் குறித்து 1903இல் ஒரு நூலும் வெளியிட்டார். நடந்ததென்ன? அப்பொறி பெருங்கப்பல்களையும் நீர்மூழ்கிப் போர்க்கலங்களையும் உந்தும் விசையாயிற்று. கண்டுபிடித்தவனின் நல்லெண்ணம் பொறியைக் காக்கவில்லை. பொறி யாருடைய உடைமையாயிற்றோ அவர்களுடைய நோக்கத்தையே அது நிறைவேற்றியது.

கேரளத்தின் நீண்டகரையில் 1953இல் தொடங்கிய இந்திய-நோர்வே மீன்பிடித் திட்டமும் இதே பாடத்தைத் தருகிறது. துடுப்பு வலித்து ஓய்ந்த தோள்களுக்கு இளைப்பாறுதலாக இயந்திரம் வந்தது. 1960களில் இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை விரிந்ததும் கடலை அறியாத பணக்காரர் இழுவைப் படகுகளில் முதலிட்டனர். துடுப்பு வலித்தவனின் மீனையே அப்படகுகள் அள்ளிச் சென்றன. சிறு மீனவர் பல்லாண்டு போராடிய பின்னர் 1988 தொடக்கம் மழைக்காலத்தில் இழுவைக்குத் தடை வந்தது. பாக்கு நீரிணையில் இன்றும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகளின் வலைகள் வடபுலத்துச் சிறு மீனவரின் வலைகளை அறுக்கின்றன. இரு கரையிலும் உழைப்பவர்கள் ஒரே மொழி பேசுகின்றனர். அவர்களை மோதவிடுவது இயந்திரத்தின் குதிரை வலுவன்று, அந்த வலுவின் பின்னே நிற்கும் இலாபம்.

ஒலுவிலுக்கு வருவோம். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்ட துறைமுகம், வெகுவிரைவில் மணல் அடைத்துப் படகுகள் நுழையமுடியாத நிலைக்கு ஆளாயிற்று. அலைதடுப்புச் சுவர்களின் தெற்கே மணல் குவிய, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. கரையோரமாக மணல் நகர்வது பொறியியல் நூல்களுக்குப் புதிய செய்தியன்று. கரைவலை இழுப்பவருக்கும் அது புதிதன்று. எந்த மாதத்தில் மணல் எத்திசையில் நகரும் என்பதைப் பருவந்தோறும் காலால் மிதித்து அறிந்தவர்கள் அவர்கள். திட்டத்தின் வெற்றி தோல்வியைத் தன் நிலத்தாலும் தொழிலாலும் செலுத்தப்போகிறவன், திட்டம் வகுக்கும் மேசையில் அமர்த்தப்படவேண்டும். அத்துறைமுகத்துக்கு அயலிலேயே பொறியியல் பயிலும் மாணவனுக்கு இதனைவிடச் சிறந்த பாடநூல் வேறில்லை.

மீனவனையும் பொறியியலாளனையும் ஒரே மேசைக்கு வரவிடாமல் தடுப்பது எது? நமது சமுதாயத்தின் பழைய நோயொன்று. கையால் செய்யும் தொழில் தாழ்ந்தது, ஏட்டால் செய்யும் தொழில் உயர்ந்தது என்ற எண்ணமே அது. சாதியமைப்பு அதனைப் போற்றி வளர்த்தது. அந்நிய ஆட்சியின் எழுத்தர் உத்தியோகம் அதற்கு மெருகிட்டது. வல்வெட்டித்துறையிலே பல்கலைக்கழகத்தின் வாசலை மிதியாத கைவினைஞர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அந்தக் கைகளின் கணக்கை எழுதி வைத்து நமது பிள்ளைகளுக்குப் பாடமாக்கியவர் யார்? இன்றும் நமது பட்டினங்களில், படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு, ஓசையைக் கேட்டே குறையைக் கூறும் மெக்கானிக் கடைக்காரரைப் பட்டதாரி மதிப்பதில்லை. எண்ணெய்க் கறை படிந்த கையைக் கண்டு கூசுகிறவன் இயந்திரப் பொறியியலை முழுமையாகக் கற்றவனல்லன்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நினைவுகூர்வோம். சிறு படகுகளின் எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. மீன் கடலிலும் படகு மணலிலும் கிடந்தன. குறைந்த எரிபொருளில் நிறைந்த வேலை பெறுவது எவ்வாறு என்பது கார்னோவின் காலந்தொட்டுப் பொறியியலின் மூலவினா. பெருங்கப்பற் கம்பனிகளுக்காக அவ்வினாவை உலகின் சிறந்த மூளைகள் ஆராய்ந்து கொண்டிருக்கின்றன. பதினெட்டு அடிப் படகுக்காக அதனை ஆராய்வது யார்? ஊதியம் தருவோருடைய வினாக்களே ஆராய்ச்சிக்குரிய வினாக்கள் என்றாகிவிட்ட உலகில், ஊதியம் தரமுடியாதவரின் வினாவைக் கையில் எடுப்பதே கற்றவன் தீர்க்கக்கூடிய கடன். விடுமுறையில் ஊர் வரும் கப்பற் பொறியியலாளனும் மெக்கானிக் கடையின் பலகையில் ஒரு மணிநேரம் அமர்ந்து அவ்வினாவைக் கேட்கலாம்.

ஆகவே, கப்பற் பொறியியல் பயில விரும்பும் மாணவனிடம் போகாதே என்றும் கூறோம்; போய்விடு என்றும் கூறோம். போகுமிடத்தில் உன் கைபட்ட பொறியால் எவர் வாழ்கின்றனர், எவர் தாழ்கின்றனர் என்று கேள். பதிவேட்டில் பொய் எழுதச் சொன்னால் மறு. மறுப்பதற்குத் துணையாகச் சக தொழிலாளரோடு சேர் என்று கூறுவோம். அவனுக்கு மட்டும் கூறி நில்லாமல் சமுதாயத்துக்கும் கூறுவோம். அவன் திரும்பி வந்து நிற்பதற்கு ஒரு பட்டறையும், கேட்பதற்கு ஒரு மேசையும், உண்மை பேசினால் தாங்குவதற்கு ஒரு சங்கமும் நம்மிடம் இருக்கவேண்டும். இவற்றை ஆக்கித் தரும் பொறுப்பு நம்முடையது. நள்ளிரவில் கடலின் நடுவே இயந்திர அறையில் காவல் நிற்பவன், மேலே உறங்குவோருக்காக விழித்திருக்கிறான். அவனுக்காக விழித்திருக்கவேண்டியவர்கள் கரையில் இருக்கும் நாமே.